தேர்தல் முடிவு

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் கைத்தடியால் மேசையை அடிக்கவில்லை. என்னிடம் கைத்தடியே கிடையாது. அது குடை. அதாலும் அடிக்கவில்லை; மேசைமேல் வைத்தேன், சற்று வேகமாக. நான் கூடம் அதிரக் கத்தியதாகவும் சின்னவள் உன்னிடம் தொலைபேசியில் சொன்னாளாம். கன்னியர் மடப் பள்ளியில் பத்து வருடம் படித்தவள் எப்படிக் கத்துவாள்? "தலைவர் அவர்களே, ஒரு நிமிடம்" என்றேன். மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை கொஞ்சம் உரக்க. நம் தங்கை தும்மலைக்கூட இடி என்றுதான் சொல்வாள் என்பது உனக்குத் தெரியாததல்ல.

நடந்ததை எழுதுகிறேன். பதினொன்றாம் தேதி எங்கள் கட்டடத்தின் ஆண்டுக் கூட்டம். எண்பத்துநான்கு வீடுகளில் அறுபத்தொன்றிலிருந்து வந்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக நான்தான் தேர்தல் அலுவலர். வழக்கம்போல வாக்குச்சீட்டு, தகரப்பெட்டி, பூட்டு, எண்ணிக்கை. வழக்கம்போலப் பல் டாக்டரே தலைவர். அவரை எதிர்த்து நிற்க ஓர் ஆளைப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அடுத்தது நிகழ்ச்சிநிரலில் நான்காம் பொருள், 'தேர்தல் முடிவு'. வருடா வருடம் அந்த இடத்தில் அதுதான் இருக்கும். முடிவை ஏற்றுக்கொள்வதாக எல்லாரும் கை தூக்குவார்கள், பிறகு தேநீர்.

இந்த முறையும் பல் டாக்டர், "பொருள் நாலு, தேர்தல் முடிவு. யாராவது ஏதாவது சொல்லணுமா? ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். கைகள் உயர்ந்தன. எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகு ஒரு தாளை எடுத்து வாசித்தார். கட்டடத்தை இனி ஒரு நிர்வாகக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தலைவர், செயலாளர், வருடத் தேர்தல் எதுவும் இனி இல்லை. சற்று முன் நடந்ததே கடைசித் தேர்தல். முடிவு என்றால் அந்த முடிவு.

நம் மொழியில் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் பார்த்தாயா? எண்ணிக்கையில் வருவதும் முடிவு, தீர்மானிப்பதும் முடிவு, இல்லாமல் போவதும் முடிவு. இரண்டே சொல்லில் கூடம் முழுவதும் கவிழ்ந்தது. அப்போதுதான் நான் எழுந்தேன். குடை விவகாரமும் அப்போதுதான்.

உன் புத்தகத்தின் முதல் இரண்டு இயல்களின் மெய்ப்பு வந்தது. முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவளுக்கு இத்தனை பிழைகளோடு அனுப்ப உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது? தாராளவாத மக்களாட்சியே மனித ஆட்சியின் இறுதி வடிவம் என்று நிறுவப் போகிறாய், சரி. ஆனால் 'இறுதி வடிவம்' என்ற தலைப்பை மறுபடி யோசி. அச்சகத்தில் 'இறுதி மெய்ப்பு' என்று முத்திரை குத்திய தாளில்தான் நூலாசிரியரின் பெயரே தப்பாக இருக்கும்.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் இருமல் எப்படி? தொலைபேசியில் சொல்லாதே. தொலைபேசியில் சொன்னதைத் திருத்த முடியாது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே இருமல் பயந்து ஓடிவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, அல்லது தைலப் புட்டியின் மேலுள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாயா?

குடை பற்றிய திருத்தத்தைக் குறித்துக்கொண்டேன். குடையை விட்டால் மற்றதெல்லாம் சின்னவள் சொன்னபடிதானே? கூடம் முழுவதும் கை தூக்க, ஒருத்தி மட்டும் எதிர்த்து நின்றாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? முன்னுரையில் உன்னை பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டேன்.

ஆனால் தலைப்பை விட மாட்டேன். என் வாதம் எளிமையானது. மன்னராட்சியை ஒழித்தவர்கள் யாரும் ஒழித்த பிறகு மகுடம் வைத்துக்கொண்டு நடிக்கவில்லை. மக்களாட்சியை ஒழிக்கிறவன் மட்டும் அதன் உடையைப் போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டியிருக்கிறது. சர்வாதிகாரியும் தேர்தல் நடத்துகிறான். சீட்டில் ஒரே பெயர் இருக்கும். ஆனாலும் சீட்டு இருக்கும். மனிதன் இதைத் தாண்டி வேறொன்றை மனதார நியாயம் என்று நம்பும் நிலையில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள். தேர்தல் வேண்டாம் என்று சொல்வதற்கும் "கை தூக்குங்க" என்றுதானே கேட்க வேண்டியிருந்தது?

அந்தக் கூட்டக் குறிப்பின் நகல் ஒன்றை அனுப்பு. அடிக்குறிப்பில் சேர்க்கலாம். மூன்றாம் இயலின் மெய்ப்பு தனியே வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

'உன்னை பற்றி' அல்ல, 'உன்னைப் பற்றி'. ஓர் ஒற்று விட்டுப்போனால் அதற்கு மேல் என் கண் நகராது, அடுத்த வரி எதைச் சொல்கிறது என்பதே மண்டையில் ஏறாது.

முன்னுரையில் அந்தப் பத்தி வேண்டாம். எடுத்துவிடு. அடக்கத்தால் சொல்லவில்லை, எனக்கு அடக்கம் கிடையாது.

கம்பெனி வந்துவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: லிஃப்ட் ஓடுகிறது. நாலாம் மாடிப் படிக்கட்டில் இரண்டு வருடம் எரியாத விளக்கு எரிகிறது. புகாரை எல்லாம் கைப்பேசியில் பதிய வேண்டும். ஓர் எண் வரும். இருபது வருடம் கூட்டத்துக்கு வராமலிருக்கச் சாக்குத் தேடியவர்களுக்கு இப்போது சாக்குத் தேட வேண்டிய வேலைகூட இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு விவரம் இருக்கிறது. எங்கள் கட்டடச் சங்க விதிகளில் பதினேழாவது, உன் அத்தான் எழுதியது, நான் திருத்தியது. ஒரு தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுக்கலாம். ஆனால் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் ஒருவர் எழுத்தில் கேட்க வேண்டும். தோற்றவர்கள் சும்மா சும்மா கிளறக் கூடாது, மனம் மாறியவருக்கு மட்டும் கதவு திறக்க வேண்டும் என்பது உன் அத்தானின் எண்ணம். ஆக, ஆகஸ்ட் பதினொன்றுக்குள் ஒருவர் எழுதிக் கொடுத்தால் தேர்தல் பிழைக்கும். இல்லையென்றால் முடிந்தது.

கை தூக்கியவர்களில் மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர் சொன்னதைக் கேள்.

"எனக்குத் தெரியாமத்தான் தூக்கினேன். ஆனா தெரிஞ்சிருந்தாலும் தூக்கியிருப்பேன்னு இப்ப தோணுது. கூட்டத்துக்கு வந்து நான் கண்டது என்ன, இடுப்பு வலிதான். லிஃப்ட் ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? நீங்களும் கொஞ்சம் ஓய்வா இருங்க. பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சது போதும்."

மற்ற இருவரும் சொன்னதும் இதேதான், இடுப்புக்குப் பதில் கழுத்து.

என் மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர் ஒருவர்தான் கொதிக்கிறார். அன்று அவர் வேலையில் இருந்ததால் கூட்டத்துக்கு வரவில்லை. எனவே அவர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பல் டாக்டரைப் படிக்கட்டில் பார்த்தால், "வாங்க, வார்த்தை வித்தைக்காரரே" என்கிறார். இப்போது மற்றவர்களும் அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தேர்தல் போனதில் வருத்தமில்லாதவர்களுக்கும் ஏமாற்றப்பட்டதில் கோபம் இருக்கிறது.

உன் வாதத்துக்கு வருகிறேன். அதை ஒழிக்கவும் கை தூக்கத்தான் வேண்டும் என்கிறாய். அப்படியானால் கை தூக்கினால் அது ஒழிந்துவிடும் என்றும் பொருள். வெளியே போகும் கதவுக்கு இவ்வளவு நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருக்கும் வீட்டை 'இறுதி' என்று எப்படிச் சொல்வாய்? இன்னொன்று: பள்ளியில் வகுப்புத் தலைவியை சிஸ்டர்தான் நியமிப்பார். பத்து வருடமும் நான்தான். நியமன ஆட்சி எவ்வளவு சுகமானது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் சுகமாக இருந்தது என்பதை வெகு நாள் கழித்துத்தான் ஒருத்தி சொன்னாள்.

'தாராளவாத' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. தாராளம் என்றால் கை நீட்டிச் செலவு செய்கிறவர்தான் நினைவுக்கு வருகிறார். வெற்றி பெற்றவரும் இதற்கு மேல் போகக் கூடாது என்று கோடு போடுவதுதானே அதில் முக்கியம்? 'வரம்புள்ள மக்களாட்சி' என்று போடலாம்.

கூட்டக் குறிப்பின் நகல் இத்துடன். எழுத்துப் பிழைகள் பதினாறு, சிவப்பில் குறித்திருக்கிறேன். இங்கே வெயில் ஏறிவிட்டது. உன் ஊரில் குளிர் விட்டதா?

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் விட்டுவிட்டது. இருமல் மட்டும் திரும்பி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது.

'வரம்புள்ள' நல்ல சொல். எடுத்துக்கொள்கிறேன். கதவுக்கு எண்ணெய் போட்டதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். என் பதில் இது: மற்ற வீடுகளில் கதவே இல்லை, அதனால்தான் அவை இடிந்தன. கதவு இருக்கும் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு போனவன் திரும்பி வரலாம். அத்தானின் பதினேழாவது விதி இருக்கிறதே, அது திரும்பி வருவதற்கான கதவு. அத்தானை நான் வெறும் ரயில்வே எழுத்தர் என்று நினைத்திருந்தேன், மன்னிக்கவும்.

பதினாறு பிழைகளையும் பார்த்தேன். பதினேழாவது ஒன்று இருக்கிறதோ என்று சந்தேகம். 'வந்திருந்தோர் 61. ஆதரவு 61. எதிர்ப்பு இல்லை' என்று இருக்கிறது. அந்த வரியில் நீ சிவப்புப் பென்சிலை வைக்கவே இல்லை. எதிர்ப்பு ஒன்று அல்லவா? எந்த எண் தப்பு?

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


மே 11

தம்பிக்கு,

நலம். மூன்றாம் இயலைத் திருத்தி இன்று அஞ்சலில் சேர்த்தேன். 47ஆம் பக்கத்தில் ஒரே வாக்கியம் பதினொரு வரி போகிறது. மூச்சு வாங்குகிறது, வெட்டு. முழங்காலுக்குப் புதிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெயில் கடுமை.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாக்கியத்தை வெட்டிவிட்டேன். இவ்வளவு சின்னக் கடிதம் உன்னிடமிருந்து எனக்கு வந்ததில்லை. புது மாத்திரை தூக்கம் கொடுக்கிறதா? ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல், நீயே நிறுத்திவிடாதே.

கேட்டதை மறுபடி கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கடைசியாக வாக்குச்சாவடிக்குப் போய்ப் பதினேழு வருடமாகிறது. இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவம் என் மேசை இழுப்பறையில் பதினோரு வருடமாக இருக்கிறது. அங்கே நம் ஊரில் வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் எதிர்த்து எழுதவில்லை. மக்களாட்சி இறுதி வடிவம் என்று வாரம் நான்கு மணி நேரம் வகுப்பெடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, "சார், நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டாள். "ரகசிய வாக்கெடுப்பும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

நீ திட்டுவாய் என்று தெரியும். விரிவாகத் திட்டு.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரை ஒத்துக்கொண்டது. படி ஏறும்போது மட்டும் பிடித்துக்கொள்கிறது.

நீச்சல் பற்றி மூன்று புத்தகம் எழுதியவன் குளிக்கவே பயந்தான் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்வேனோ, அதையே உனக்கும் சொன்னதாக வைத்துக்கொள். படிவத்தை நிரப்பு. நிரப்பியதும் அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். பஸ் டிரைவரின் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் அதிகாலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஜூன் முதல் தேதியிலிருந்து கம்பெனி லிஃப்டைக் காலை ஆறு மணி வரை நிறுத்தி வைக்கிறது. 'பராமரிப்பு நேரம்' என்று ஓர் அட்டை. டிரைவர் கைப்பேசியில் புகார் பதிந்தார். எண் 1187. மறுநாள் அதற்குப் பக்கத்தில் 'முடிந்தது' என்று வந்தது. அவர் மறுபடி பதிந்தார். அதுவும் 'முடிந்தது'.

போன வாரம் அவர் மனைவியைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்குவதைப் பார்த்தேன். கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

"கஷ்டமா இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. எடை குறைஞ்சிட்டா. அதனால கஷ்டமில்ல." இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். "முன்னாடின்னா பல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அடுத்த தேர்தல்ல பார்த்துக்கிறேன்னு சொல்லியிருப்பேன். இப்ப யாரைம்மா திட்டுறது? ஃபோனையா?"

அவர் மனைவி, "மூச்சைப் பிடிச்சுத் திட்டாதீங்க, என்னைக் கீழ போட்டுறப் போறீங்க" என்றாள்.

அறிவிப்புப் பலகையையும் கம்பெனி கழற்றிவிட்டது. சுவர் அழகு கெடுகிறதாம். நான்கு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கிறது.

நேற்று பல் டாக்டர் வந்தார். கீழ்த்தளத்தில் இருக்கும் அவர் கிளினிக்குக்கு இந்தக் கட்டடத்திலிருந்து இப்போது ஒருவரும் போவதில்லை. பல் வலியோடு மூன்று தெரு தாண்டிப் போகிறார்கள். ஆள் மெலிந்திருந்தார். தேநீர் கொடுத்தேன். கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. சொல்லவும் மாட்டேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீரைக் குடிக்கவில்லை.

அந்தத் தாளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உன் இருமலைப் பற்றி இந்த முறை ஒன்றும் எழுதவில்லையே.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை. படிவம் நிரப்பியாயிற்று, நகல் இத்துடன். பிழை இருந்தால் சொல், ஆனால் மூலத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டேன். நீ திருத்தும்வரை காத்திருந்தால் இன்னொரு பதினோரு வருடமாகும்.

முன்னுரையிலிருந்து அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். ஏன் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆகஸ்ட் பதினொன்றுக்கு ஒரு வாரம் இருக்கலாம். டிரைவரின் மனைவி எப்படி இருக்கிறாள்?

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

அவள் அப்படியே இருக்கிறாள். அவர் இன்றும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்.

உன் படிவத்தில் இரண்டு எழுத்துப் பிழை. அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும்.

இன்று ஒரு கடிதம் கொடுத்தேன். நகலை இணைத்திருக்கிறேன். எழுதி முடிக்க ஐந்து நாளாயிற்று, நீளத்தால் அல்ல. சின்னவளிடம் நீயே படித்துக் காட்டிவிடு. அவளுக்குப் பெரிதாக்க இதில் ஒன்றும் இல்லை, ஏற்கனவே போதுமான அளவு பெரிது.

உன் புத்தகத்தின் கேள்விக்கு என்னால் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அச்சகத்தில் நான் இறுதி மெய்ப்பு என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. இறுதி என்று முத்திரை குத்தினவை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல தாளா கெட்ட தாளா என்று நாங்கள் பார்ப்பது அதன் ஓரத்தில்தான். பிழையைக் கண்டவள் குறித்து வைக்க ஓரத்தில் இடம் விட்டிருக்க வேண்டும். பிழை செய்தவளே கண்டாலும் அவள் குறிப்பதற்கும் அதே இடம்தான். கம்பெனியின் கைப்பேசியில் ஓரமே இல்லை. தலைப்பை நீயே முடிவு செய்துகொள்.

இனி யாரும் என்னிடம் சுற்றறிக்கை திருத்தக் கொடுக்க மாட்டார்கள். மத்தியானப் பொழுது மிச்சம். உன் ஐந்தாம் இயலை அனுப்பு, என்மேல் இன்னும் நம்பிக்கை இருந்தால்.

அக்கா


ஆகஸ்ட் 6
வீட்டு எண் 36, நாலாம் மாடி

தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டிலுள்ளோரும் நலமாக இருக்க விரும்புகிறேன். உங்களை இன்னும் தலைவர் என்றே எழுதுகிறேன். நான் எண்ணி அறிவித்த கடைசி எண்ணிக்கைப்படி நீங்கள்தான் தலைவர்.

பிப்ரவரி 11 கூட்டத்தில் நான்காம் பொருளை நான் மட்டும் எதிர்த்ததாகக் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் கை தூக்கினேன். வலது கை, இடது கையில் குடை இருந்தது. கூட்டக் குறிப்பில் ஆதரவு 61 என்று இருப்பது சரியான எண். நீங்கள் தீர்மானத்தை வாசித்த பிறகுதான் எழுந்தேன். எழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு முன் கை தூக்கியதை, அவரவர் கை உயர்ந்திருந்ததால், ஒருவரும் பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் மேசையிலிருந்து பார்த்தீர்கள். மற்றவர்கள் என்னைப் பாராட்டியபோது நான் மறுக்கவில்லை.

நீங்கள் சொல்லை மாற்றிப் போட்டு எங்களை ஏமாற்றியதாகவும் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. ஜனவரி 20 அன்று, திருத்தித் தரும்படி நீங்கள் என்னிடம் கொடுத்த வரைவில் நான்காம் பொருள் 'தேர்தல் முறையை முடிவுக்கு கொண்டு வருவது தொடர்பாக' என்று இருந்தது. பொருள் தெளிவாகவே இருந்தது. 'முடிவுக்கு' என்பதை அடுத்து ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. அந்த ஒற்றைப் போட்டேன். போட்ட பிறகு வரி நீளமாகத் தெரிந்தது. வருடா வருடம் அந்த இடத்தில் இருக்கும் இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். வரியைத் திருத்தினேன், வாசித்தேன் என்று சொல்ல முடியாது. கண் சரியில்லை என்று சொல்ல மாட்டேன். கண் சரியாகத்தான் இருந்தது. நான் திருத்திக் கொடுத்தால் அதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை என்பது இந்தக் கட்டடத்தின் வழக்கம். அந்த வழக்கத்தை வளர்த்தவளும் நான்தான். நீங்கள் அதன்படியே தட்டச்சுக்கு அனுப்பினீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்த அந்த வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். கோடு என்னுடையது. கீழே என் சுருக்கொப்பமும் இருக்கிறது.

ஆறு மாதமாக உங்களைப் படிக்கட்டில் வார்த்தை வித்தைக்காரர் என்றார்கள். நீங்கள் இந்தத் தாளைக் காட்டியிருந்தால் அன்றே நின்றிருக்கும். நீங்கள் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. உங்கள் மௌனமும் என் மௌனமும் ஒரே மாதிரியானவை அல்ல என்பது எனக்குத் தெரியும். நன்றி. அதை நேரிலும் சொல்வேன்; எழுத்திலும் இருக்கட்டும். அறிவிப்புப் பலகை இல்லாததால் இதன் நகலை எண்பத்துநான்கு தபால் பெட்டிகளிலும் இன்று நானே போடுகிறேன். இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சரின் பெட்டி எப்போதும் நிரம்பி வழிவதால் அவர் கையில் கொடுப்பேன்.

இனி வேண்டுகோள். சங்க விதி பதினேழின்படி, நான்காம் பொருளுக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் ஒருத்தி என்ற முறையில், அந்தத் தீர்மானத்தை மறுபடி கூட்டத்தின் முன் வைக்கக் கேட்கிறேன். கெடு ஆகஸ்ட் 11. இன்று ஆறாம் தேதி. கம்பெனியே போதும் என்று கூட்டம் மறுபடியும் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, காலை ஆறுக்கு முன்பு தவிர. அந்த நேரத்தில் ஏன் ஓடவில்லை என்று போய்க் கேட்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் சரியாகக் கேட்காவிட்டால் அடுத்த வருடம் அவரை மாற்ற வழி வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று கை தூக்குகிறவர்கள் எதற்குத் தூக்குகிறோம் என்று தெரிந்து தூக்கட்டும். நான்காம் பொருளின் வாசகம் முழு வரியாக இருக்கட்டும். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. அதை வேறு யாராவது சரிபார்க்கட்டும்.

தகரப்பெட்டியும் சாவியும் என்னிடம் இருக்கின்றன. பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்ததையும் கூட்டத் தேதியையும் எழுத்தில் தெரிவிக்கவும்.